சிறையிலும் விடாத பழக்கம்



பேரவை மலருக்கு மறைந்த தலைவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது, வ.உ.சி. என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. ஏற்கெனவே இரண்டு பேர் அவரைப் பற்றியே கொடுத்திருக்கிறார்களாம். கப்பல், செக்கு, சிறை... இந்த மூன்றையும் நாம் எல்லோரும் ஆரம்பப் பள்ளியிலேயே மனப்பாடம் பண்ணியாச்சு. சிவாஜி நடித்த படத்தையும் ஆகஸ்ட் 15-க்கு டி.வி.யில் பார்த்தாச்சு. இதில் நீ புதுசா என்ன எழுதப்போற என்பதுதான் அண்ணனின் கேள்வி.

கப்பலைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் இந்தப் பக்கங்கள் எனக்குக் கிடைத்தன. சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு அந்த மனிதர் 24 வருடம் உயிரோடு இருந்தார். அந்த 24 வருடத்தைப் பற்றி நமக்கு யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அந்த வருடங்கள்தான் தேவைப்பட்டன. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வல்லம் வடகால்காரன். சிப்காட் வந்த பிறகு எங்கள் ஊர் எப்படி மாறியது என்பது இந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரியும். பாட்டி காலத்தில் மாடு மேய்ந்த வழியில் இப்போது கன்டெய்னர் லாரி போகிறது. 2024 ஆகஸ்டில் திறந்தார்களே, 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி, அந்தக் கட்டடங்களின் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கலாம் போலிருக்கும். நான் படித்தேனா என்று கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை போய்விட்டது. நான் ராத்திரியில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். காலையில் வகுப்பில் தூங்கினேன். நாலாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது நாலு அரியர். டிப்ளமாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஏதாவது லைனில் நிரந்தரமாக நின்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்த நேரம்.

அந்தச் சமயத்தில்தான் நம் நூலகத்தின் கடைசி அலமாரியில், பாடப்புத்தகம் தேடப் போன இடத்தில், 'அகமே புறம்' என்ற மெல்லிசான புத்தகம் கையில் சிக்கியது. ஆசிரியர் ஜேம்ஸ் ஆலன். தமிழில் வ.உ.சிதம்பரம் பிள்ளை. எனக்கு ஒரே ஆச்சரியம். கப்பல் விட்டவர், செக்கு இழுத்தவர், மொழிபெயர்த்தாரா? அதுவும் அதிகாலையில் எழுந்திரு, சோம்பலை விடு, வாயைக் கட்டு என்று சொல்கிற மாதிரியான புத்தகத்தையா? அவரைத் தேடி நான் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். இன்று அது தூத்துக்குடி மாவட்டம். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். அம்மா பரமாயி அம்மாள். வசதியான வீடு. சின்ன வயதில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தாவும் பாட்டியும் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தவர். விளையாட்டிலும் சும்மா இல்லை. சிலம்பம், மல்யுத்தம், நீச்சல், குதிரையேற்றம் எல்லாம் பழகியிருக்கிறார். பிற்காலத்தில் கோவைச் சிறையில் உடம்பு நொறுங்காமல் கொஞ்சமாவது தாங்கியது என்றால், அதற்கு அஸ்திவாரம் ஒட்டப்பிடாரத்துத் தெருவில் போட்டது என்பது என் எண்ணம்.

1894-ல் வக்கீல் பரீட்சை தேறினார். ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்கைப் பணம் வாங்காமல் நடத்துவார். போலீஸ் போட்ட வழக்குகளை உடைப்பார். உள்ளூர் அதிகாரிகளோடு உரசல் அதிகமாகவே, 1900-ல் தூத்துக்குடிக்கு மாறினார். நல்ல வருமானம், நல்ல பெயர். அவர் அப்படியே இருந்திருந்தால் ஒரு பெரிய வக்கீல் வீட்டுப் படமாக எங்காவது சுவரில் தொங்கியிருப்பார், அவ்வளவுதான்.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாக்குத் தவறக்கூடாதே! தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவது அன்று ஒரே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஏகபோகமாக இருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபர் 16-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. முதலீடு 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய் வரை குறைத்துப் பார்த்தது, அப்புறம் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் தருகிறேன் என்றது. இன்றைக்கு நாம் பார்க்கிற ஆஃபர் விற்பனை எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை!

கப்பலைவிட நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம். 1908 பிப்ரவரி 27-ல் தொடங்கியது. அங்கே வேலை நேரம் அதிகம், கூலி குறைவு, வாரத்துக்கு ஒருநாள் லீவு என்ற பேச்சே கிடையாது. தொழிலாளர்களோடு வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற நம்மில் பலருக்கு வார விடுமுறை ஏதோ வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு, அதில் ஒரு வக்கீலின் பெயரும் உண்டு.

வெற்றிக்கு ஐந்தாறு நாள் கழித்து, 1908 மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரசை எதிர்த்துப் பேசியதற்கு 20 வருடம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருடம், ஆக மொத்தம் 40 வருடம். அப்போது அவருக்கு வயது 35. தண்டனை முடிந்து வெளியே வந்தால் 75! மேல்முறையீட்டில் அது 6 வருடமாகக் குறைந்தது என்பது பிறகு நடந்த கதை. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. வீட்டில் மனைவி, சின்னக் குழந்தைகள். வெளியே கம்பெனியைக் கவனிக்க ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். நாலு அரியருக்கே நான் சோறு இறங்காமல் கிடந்தேன். 40 வருடம் என்று காதில் விழுந்த ராத்திரி ஒரு மனிதர் என்ன செய்திருப்பார்?

ஜூலை 9-ல் கோயம்புத்தூர்ச் சிறைக்குக் கொண்டு வந்தார்கள். முரட்டுத் துணிச் சட்டை, கேழ்வரகுக் கூழ், காலில் விலங்கு. முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்ற விட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகுதான் எண்ணெய்ச் செக்கு. மாடு நடக்க வேண்டிய வட்டத்தில், வெயிலில், அவரை நடக்க வைத்தார்கள். இதையெல்லாம் அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்தச் செக்கைப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினேன். வ.உ.சி. இழுத்த செக்கு என்று சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கோவைச் சிறையிலும் ஒன்று நினைவுச் சின்னமாக இருக்கிறது. ஒரு மெக்கானிக்கல் பையன் செக்கைப் பார்த்தால் என்ன நினைப்பான்? நானும் அதைத்தான் நினைத்தேன். கல் உரல், அதற்குள் சாய்ந்து சுற்றும் உலக்கை, உலக்கையோடு பிணைத்த நீள மரம். மரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இழுக்கும் விசை குறையும், ஆனால் நடக்கும் தூரம் கூடும். ஒன்றில் லாபம் பார்த்தால் இன்னொன்றில் கொடுத்தாக வேண்டும். மையத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டாலே ஒரு சுற்றுக்கு 62 அடிக்கு மேல் வருகிறது. நூறு சுற்று என்றால் ஒரு மைலைத் தாண்டிவிடும். எள் அரைபட அரைபட உலக்கைக்கு எதிர்ப்பும் கூடும். விசையியல் வகுப்பில் இந்தக் கணக்கை நான் போட்டிருந்தால் ஒரு அரியர் குறைந்திருக்கும்!

வட்டத்தில் நடக்கும்போது போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. நடந்து தீர்த்தோம் என்ற திருப்தியும் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் ஒரு மனிதர் தனக்கென்று என்ன வைத்துக்கொள்ள முடியும்? வ.உ.சி. வைத்துக்கொண்டது தமிழை. செய்யுள் எழுதினார். சிறைக்குப் போவதற்கு முன்பே அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. நண்பருக்குக் கடிதம் எழுதினாலும் பாட்டாகவே எழுதிவிடுவார். சிறையிலும் அதை விடவில்லை. முன்பும் சிறையிலும் பாடிய தனிப்பாடல்களைப் 'பாடல் திரட்டு' என்று 1915-ல் புத்தகமாகப் போட்டார். பின்னாளில் எழுதிய சுயசரிதையும் செய்யுள்தான். செய்யுளுக்கு ஒரு வசதி இருக்கிறது, காகிதமும் பென்சிலும் இல்லாமலே தலைக்குள் கட்டலாம். எதுகையும் மோனையும் இருப்பதால் மறக்காது. செக்கடியில் சுற்றும்போது அவர் அடி கட்டினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் நடையின் தாளத்துக்கு ஆசிரியப்பா நன்றாகவே பொருந்தும். தமிழ் வாத்தியார் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

இரண்டாவது, ஜேம்ஸ் ஆலன். இவர் இங்கிலாந்துக்காரர். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன அப்பா அங்கே கொலையுண்டு போக, 15 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன பையன். பிறகு கடலோர ஊர் ஒன்றில் குடியேறி, தினம் விடியற்காலையில் பக்கத்துக் குன்றில் ஏறித் தியானம் செய்துவிட்டு வந்து எழுதியவர். 1912-ல், வ.உ.சி. இன்னும் சிறையில் இருந்தபோதே, 47 வயதில் இறந்துவிட்டார். அவருடைய சின்னச் சின்னப் புத்தகங்களை வ.உ.சி. ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழாக்கினார். 'மனம்போல வாழ்வு' சிறைக்காலத்து வேலை. 'அகமே புறம்' 1914-ல் வந்தது. 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்று இன்னும் இரண்டு உண்டு.

அரசைக் கவிழ்க்கப் பார்த்தார் என்று தண்டிக்கப்பட்டவர் ஏன் இப்படி மென்மையான புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால். 'அகமே புறம்' நூலில் பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதற்கே ஒரு தனி அத்தியாயம். திரும்பத் திரும்பச் செய்வது எதுவோ அது நம் குணமாகவே ஆகிவிடுகிறது என்பது அதன் சாரம். அதற்கப்புறம் வருகிறது படி வரிசை. முதல் படி உடம்பைப் பற்றியது, சோம்பலை விடுவது, சாப்பாட்டில் அளவு. அடுத்த படி பேச்சைப் பற்றியது, புறம் பேசாதே, வெட்டிப் பேச்சு வேண்டாம், கடுஞ்சொல் வேண்டாம். பெரிய தத்துவம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஆனால் சிறையில் இருப்பவரை நினைத்துக்கொண்டு மறுபடியும் படித்தபோது எனக்கு விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எங்கே நடப்பது எல்லாவற்றையும் ஜெயிலர் தீர்மானிக்கிறார். மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம். வாயிலிருந்து வரும் சொல், மனசுக்குள் ஓடும் நினைப்பு, ஒரு பக்கத்தைத் தமிழாக்குவதற்குக் கிடைக்கும் நேரம். இவ்வளவுதான் அவர் கையில். அந்தக் கொஞ்சத்தைத்தான் அவர் தினமும் ஒழுங்காகச் செய்தார். மொழிபெயர்ப்பு என்பதும் அப்படிப்பட்ட வேலைதானே? ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த வாக்கியம் அங்கே தயாராக இருக்கிறது, அதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1910 டிசம்பரில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே நடந்தது எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பகுதி. உடனிருந்த கைதிகளுக்கு அவர் நீதிப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். அவர்களில் பலர் திருட்டு, அடிதடி என்று உள்ளே வந்தவர்கள். அவர்களுக்குப் புரியும்படி சின்னச் சின்னதாக எழுதியதிலிருந்து பிறந்தது 'மெய்யறம்'. 125 அதிகாரம், ஒவ்வொன்றிலும் பத்து வரி. குறளின் சாயல் தெரியும், ஆனால் ஒற்றை வரிகள். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்று எடுத்தால்கூட நாலு மாதத்துக்கு மேல் பாடம் ஓடும். அவருடைய 'மெய்யறிவு' என்ற வெண்பா நூலும் இந்தச் சிறைக்காலத்தின் பிள்ளைதான். மாணவனாகப் படித்தவர், வக்கீலாக வாதாடியவர், இப்போது வாத்தியார். பெஞ்சும் இல்லை, கரும்பலகையும் இல்லை. அட்டெண்டன்ஸ் மட்டும் நூற்றுக்கு நூறு!

1911-ல், அவர் உள்ளே இருக்கும்போதே, கப்பல் கம்பெனி மூடப்பட்டது. கப்பல்களும் விற்கப்பட்டன. எதற்காகச் செக்கு இழுத்தாரோ அதுவே இல்லாமல் போயிற்று. நம்மில் யாராக இருந்தாலும் அன்றோடு எழுதுகோலைக் கீழே போட்டிருப்போம். அவர் போடவில்லை.

1912 டிசம்பர் 24-ல் விடுதலை. கப்பல் வாங்கி வந்தபோது கூடிய கூட்டம் இப்போது இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. குடும்பத்தோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். அரிசிக் கடை வைத்தார், நெய் விற்றார், எண்ணெய் விற்றார். எதுவும் ஓடவில்லை. செக்கில் எண்ணெய் ஆட்டியவரே அதைக் கடையில் அளந்து விற்க வேண்டி வந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்குக் கதை வருகிறது. தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் வ.உ.சி. குடும்பத்துக்காகக் கொஞ்சம் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915-ல் காந்தி இந்தியா திரும்பிச் சென்னைக்கு வந்தபோது இருவரும் சந்தித்தார்கள். அந்தப் பணத்துக்காக இருவருக்கும் நடுவில் கடிதங்கள் போய் வந்தன. காந்தி பெரிய மனிதர், பல வேலைகள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கைவசம் இல்லை. வ.உ.சி.யோ வறுமையில் இருந்தார், பணம் தேவைதான் என்பதை மறைக்கவும் இல்லை. மாதக்கணக்கில் கடிதங்கள் நடந்தன. ஒன்றிலும் மரியாதை குறையவில்லை, கெஞ்சலும் இல்லை. கடைசியில் 1916-ல் வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா. 10 லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர் 12 அணாவை ஒதுக்கிவிட்டுப் பேசவில்லை என்பது என் மனசில் நின்றுவிட்டது. நான் அந்தச் சமயத்தில் என் கான்ட்ராக்டரிடம் இரண்டு மாதச் சம்பளப் பாக்கியைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றினேன். இதைப் படித்த மறுநாள் போய்க் கேட்டேன். பாதி வந்தது. மீதியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், மரியாதையாகவே.

கஷ்டத்தில் இருந்த அதே வருடங்களில்தான் அவருடைய புத்தகங்கள் வந்தன என்பதையும் கவனியுங்கள். 1914, 1915 என்று வரிசையாக நாலைந்து நூல்கள். 1917-ல் திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைப் பதிப்பித்தார். கடை நஷ்டம், வீட்டில் நெருக்கடி, ஆனால் ஓலைச்சுவடியும் அச்சுப்படியும் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கின்றன. சென்னையில் தொழிலாளர் இயக்க வேலையிலும் ஈடுபட்டார். பிறகு கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் ஒரு வங்கியில் வேலை. எந்த ஊரில் கைதியாக இருந்தாரோ அதே ஊரில் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

1920-களில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் மறுபடியும் வக்கீல் தொழில். அந்த நன்றியை மறக்காமல் தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கப்பல் விட்டவர் ஒரு ஆங்கிலேயர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார்! என் ரூம்மேட்டுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை, ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டான். ஆட்சி வேறு ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது என்பது என் கட்சி. இன்னும் தீர்ப்பாகவில்லை.

1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் வேலையிலும் அந்தக் காலங்களில் உழைத்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தானே எழுதிய உரையை 1935-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 63 வயது. சைவ நூலான சிவஞான போதத்துக்கு எழுதிய உரையும் அதே வருடம்தான். கப்பலை விட்டவர் குறளை விடவில்லை என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்லுவார்.

என் கதைக்கு வருகிறேன். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நான் நாலு மணிக்கு எழுந்து குன்றேறவில்லை, எங்கள் ஊரில் குன்றும் இல்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ராத்திரி வேலைக்குப் போகும் முன்னால், கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில், மூன்று காரியம். ஒரு கணக்குப் போடுவது. இயந்திரப் படத்தில் ஒரு பாகத்தைக் கையால் வரைவது. அன்று செலவழித்ததை எழுதுவது. முதல் வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் முழுக்க விட்டுப்போனது. மறுபடி ஆரம்பித்தபோது முந்தின பக்கத்தைப் பார்த்தேன், பாதி வரைந்த போல்ட் அப்படியே கிடந்தது. மீதிப் பாதியை வரைந்தேன்.

ஆறு மாதத்தில் நாலில் மூன்று தேறிவிட்டேன். கணிதம் மட்டும் இன்னும் நிற்கிறது. அப்பாவுக்கு வேறு இடத்தில் செக்யூரிட்டி வேலை கிடைத்திருக்கிறது, முன்னைவிடச் சம்பளம் குறைவு. கஷ்டம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் ரிசல்ட் வந்த அன்று மாதிரி இப்போது நான் சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. இருபது நிமிடம் வந்தால் கை தானாகப் பையில் நோட்டைத் தேடுகிறது. வண்டியில் கூட வருகிற இரண்டு பேர், நம் கல்லூரி இல்லை, ஐ.டி.ஐ. முடித்தவர்கள், இப்போது என் நோட்டை எட்டிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருவன் என்னைவிட நன்றாக வரைகிறான்.

வ.உ.சி. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில், காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு உயில் எழுதி வைத்திருந்தார். பெரிய மனிதர்களின் உயிலில் நிலம், நகை, வீடு வரும். இவருடையதில் கடன் வருகிறது. துணிக்கடைக்குத் தர வேண்டியது, எண்ணெய்க் கடைக்குத் தர வேண்டியது, வீட்டு வாடகை பாக்கி. யார் யாருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. போகும்போதும் கணக்கு நோட்டை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அதைப் படித்த அன்று ராத்திரி நான் மெஸ் அக்காவிடம் போய், என் பாக்கி எவ்வளவு அக்கா என்று கேட்டேன். அவர் 640 என்றார். என் நோட்டில் 610 என்று இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு நாள் சாயந்திரம் சாப்பிட்ட முட்டை தோசையை நான் எழுத மறந்திருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை